100 மி.மீ. தெர்மாகோல் அட்டையை மணி உதிராமல் நேராக அறுப்பது எப்படி?

திருநகர் மாடிவாசி:

அனைவருக்கும் வணக்கம். மதுரை திருநகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட ஓர் அறை இருக்கிறது. சித்திரை, வைகாசியில் உச்சி வேளைக்கு அதற்குள் நுழைந்தால் இட்லிக் கொப்பரைக்குள் நிற்பது போலிருக்கும். மகள் தேர்வுக்குப் படிக்க வேறு இடம் இல்லாததால், கூரைக்கு அடியில் இரும்புச் சட்டங்களுக்கு இடையே 100 மி.மீ. கனமுள்ள தெர்மாகோல் அட்டைகளைச் செருகி, அவற்றின் கீழே ஜிப்சம் பலகை அடிப்பதென்று முடிவு செய்து, 1 மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் கொண்ட அட்டைகள் நாற்பதை வாங்கி வந்துவிட்டேன். தெர்மாகோல் என்றாலே 2017-இல் வைகை அணையில் மிதக்கவிட்டுக் காற்றில் கரை ஒதுங்கிய அட்டைகளைப் பற்றி நம் ஊரில் யாராவது பேசாமல் இருக்க மாட்டார்கள். அந்தக் கேலியை என் மைத்துனர் ஏற்கெனவே முடித்துவிட்டார் என்பதால் நீங்கள் நேராக விஷயத்துக்கு வரலாம்.

சட்டங்களுக்கு இடையிலான தூரம் ஓரிடத்தில் 93 செ.மீ., இன்னோரிடத்தில் 96 செ.மீ. என்று மாறுவதால் ஒவ்வோர் அட்டையின் நீளத்தையும் தனித்தனியாகக் குறைக்க வேண்டியிருக்கிறது. ஆக்சா பிளேடால் முதல் அட்டையை அறுத்தேன். மேற்பக்கம் கோட்டின் மீதே சென்ற வெட்டு, அடிப்பக்கம் வரும்போது ஒரு விரற்கடை விலகியிருந்தது. விளிம்பு முழுவதும் எலி கடித்தது போலப் பிய்ந்துவிட்டது. உதிர்ந்த மணிகள் கையிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டது போதாதென்று, காற்றில் பறந்து பக்கத்து மாடியில் பெரியம்மா காயவைத்திருந்த வடகத்தின் மீதும் போய் அமர்ந்தன. இதற்கு எந்தக் கருவி சரியானது? சூடான கம்பியால் அறுப்பதாகச் சொல்கிறார்களே, அதை வீட்டில் செய்ய முடியுமா? நண்பர் கொடுத்த மஞ்சள் நிற பஃப் (பாலியூரித்தேன் நுரை) அட்டைகள் இரண்டும் கையிருப்பில் உள்ளன. அவற்றுக்கும் அதே முறைதானா?

மேடை அலங்காரம்:

மணமேடைகளுக்கும் திருவிழா முகப்புகளுக்கும் தெர்மாகோலில் தூணும் யானையும் அறுத்துக் கொடுப்பதுதான் இருபது ஆண்டுகளாக என் தொழில் என்பதால் கம்பியைப் பற்றி நான் சொல்கிறேன். தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன் மணிகளை நீராவியில் பொரியவைத்து, ஒன்றோடொன்று ஒட்டும்படி அச்சில் அழுத்திச் செய்வது. ரம்பத்தின் பல் அந்த மணியை அறுக்காது. கொக்கி போட்டு வெளியே இழுத்துவிடும். சூடான கம்பிக்கு அந்தத் தொல்லை இல்லை. பாலிஸ்டைரீன் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்குவதால், நல்ல சூட்டில் இருக்கும் கம்பி அட்டையைத் தொடுவதற்கு முன்பே எதிரில் இருப்பது உருகி வழிவிட்டுவிடும். வெட்டிய முகம் கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும்.

0.4 மி.மீ. தடிமனுள்ள நைக்ரோம் (நிக்கல், குரோமியம் கலந்த சூடேற்றும் கம்பி) கம்பியில் 60 செ.மீ. எடுத்துக்கொண்டால் அதன் மின்தடை சுமார் 5 ஓம் இருக்கும். 12 வோல்ட், 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மரில் இணைத்தால் ஏறக்குறைய இரண்டரை ஆம்பியர் ஓடும். இந்த வேலைக்கு அது போதும். வில் போன்ற ஒரு மரச்சட்டத்தில் கம்பியைக் கட்டி, ஒரு முனையில் ஸ்பிரிங் போட மறக்காதீர்கள். சூடேறினால் கம்பி நீளும், ஸ்பிரிங் இல்லையென்றால் தொய்ந்துவிடும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகவோ, மின்விசிறி ரெகுலேட்டர் வழியாகவோ கம்பிக்குக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உயிரோடு விளையாடுவது; டிரான்ஸ்பார்மர் இல்லாமல் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கம்பி சிவக்கவே கூடாது. சிவந்த கம்பி அறுக்காது, எரிக்கும். புகை வரும், வெட்டும் அகன்றுவிடும். அட்டையின் இரு விளிம்புகளிலும் ஒட்டுப்பலகைத் துண்டு ஒவ்வொன்றை நேர்கோடாக ஊசி குத்தி நிறுத்தி, கம்பியை அவற்றின் மீது சாய்த்து மேலிருந்து கீழாக ஒரே வேகத்தில் இறக்குங்கள். நடுவழியில் நின்றால் நின்ற இடத்தில் குழி விழும். இன்னொன்றையும் புதிதாகச் செய்பவர்கள் கவனிப்பதில்லை: கம்பியின் இரு முனைகளும் கீழே வந்து சேர்ந்த பிறகும் அதன் வயிறு அட்டைக்குள் பின்தங்கியிருக்கும். முனைகள் வெளியே வந்துவிட்டன என்று வில்லைத் திருப்பினால் நடுவில் ஒரு வளைவு தங்கிவிடும்; இரண்டு நொடி பொறுத்தால் அதுவும் தானாக இறங்கிவிடும்.

பூப்பெட்டி:

மேடை அலங்கார அண்ணன் சொல்வது யானைக்குச் சரி. உங்களுக்கு வேண்டியது நாற்பது நேர்வெட்டுகள் மட்டுமே. அதற்கு டிரான்ஸ்பார்மரும் ஸ்பிரிங்கும் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் கருத்து. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து மல்லிகையை வெளியூருக்கு அனுப்பும் தெர்மாகோல் பெட்டிகளுக்கு உள்தடுப்பு அறுப்பது எங்கள் அன்றாட வேலை. நாங்கள் பயன்படுத்துவது 18 மி.மீ. அகலமுள்ள, நுனியை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் சாதாரண பிளேடு கத்திதான்.

உங்கள் வெட்டு அடியில் விலகியதற்குக் காரணம் ஆக்சா மட்டுமன்று, ஒரே பக்கத்திலிருந்து அறுத்ததும்தான். மூலைமட்டம் வைத்து மேல்முகம், இரு பக்கவாட்டு, அடிமுகம் என்று நான்கு பக்கமும் கோடு சுற்றி வர வேண்டும். அட்டைக்கு அடியில் பழைய அட்டை ஒன்றை முழுவதுமாகத் தாங்கலாகப் போட்டு, கோட்டின் மீது அலுமினியப் பட்டையை அழுத்திப் பிடித்து, பிளேடை நன்றாகச் சாய்த்து நீளமாக உங்களை நோக்கி இழுங்கள். முதல் இழுப்பு தடம் மட்டும் போடட்டும். மூன்றாவது, நான்காவது இழுப்பில் பாதிக் கனம் இறங்கியதும் அட்டையைப் புரட்டி மறுபக்கம் அதையே செய்யுங்கள். பிளேடில் மெழுகுவர்த்தியை ஒரு முறை தேய்த்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகும். நல்ல பிளேடு வாழைத்தண்டை நறுக்குவது போல ஓசையில்லாமல் இறங்கும். கிரீச்சென்று சத்தம் கேட்டால் அந்தக் கணமே நுனியை ஒடித்துவிடுங்கள். பிளேடில் சிக்கனம் பார்ப்பவர்களின் அட்டைதான் பிய்கிறது.

மணி ஒட்டுவது நிலைமின்சாரத்தால். துணி இஸ்திரி போடும்போது தெளிக்கும் தண்ணீர்க் குப்பியால் அறுக்கும் இடத்தில் லேசாகத் தெளித்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். ஆடிக் காற்று முடியும் வரை மாடியில் அறுக்காமல் கீழே கதவடைத்து அறுங்கள். பெரியம்மாவின் வடகமும் பிழைக்கும்.

ஓர் அட்டையை எடை போட்டுச் சொல்ல முடியுமா? உங்கள் அளவு அட்டை ஒன்று 0.05 கன மீட்டர். கன மீட்டருக்கு 15 கிலோ அடர்த்தி என்றால் 750 கிராமும், 20 கிலோ என்றால் 1 கிலோவும் இருக்க வேண்டும். அதற்கு மிகவும் குறைந்தால் எந்தக் கத்தியாலும் கொஞ்சம் உதிரத்தான் செய்யும்.

குளிரறை வேலை:

கப்பலூரில் குளிர்சாதன அறைகள் கட்டித் தருகிறோம். மஞ்சள் பஃப் அட்டையைப் பற்றி இதுவரை யாரும் சொல்லாததால் முதலில் அது: சூடான கம்பியை அதன் அருகில் கொண்டு போகாதீர்கள். தெர்மாகோல் சூட்டில் இளகும் இனம். பஃப் ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி உருகாத இனம். கம்பி பட்டால் அது கருகும். அந்தப் புகையில் ஹைட்ரஜன் சயனைடு வரைக்கும் நச்சு வாயுக்கள் இருக்கும். அதைப் பொடிப்பல் கைரம்பத்தால் அறுத்து, முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் அணிந்துகொள்ள வேண்டும். அந்தத் தூள் உடலில் பட்டால் அன்று முழுவதும் அரிக்கும். எது எந்த இனம் என்று ஐயம் இருந்தால் துண்டில் ஒரு சொட்டு தின்னர் விடுங்கள். தெர்மாகோல் நொடியில் குழிந்து கரையும், பஃப் அசையாது. இதே காரணத்தால் தெர்மாகோலை ஒட்ட ரப்பர் வகைப் பசையைத் தடவினால் பசைக்குப் பதிலாகப் பள்ளம்தான் கிடைக்கும்.

சரியான அளவுக்கு அறுப்பதுகூடத் தவறு என்பேன். 93 செ.மீ. இடைவெளிக்கு 93 செ.மீ.க்கு மேல் இரண்டு, மூன்று மி.மீ. கூடுதலாக அறுத்து அழுத்திச் செருகினால், அட்டை தன் இறுக்கத்திலேயே நிற்கும். குறைத்து அறுத்தால் அந்த இடுக்கு வழியாகவே சூடான காற்று இறங்கி, 100 மி.மீ. போட்ட செலவு வீணாகும். தவறிக் குறைந்துவிட்ட இடங்களில் டப்பாவிலிருந்து பீய்ச்சும் பியூ ஃபோம் (பாலியூரித்தேன் நுரை) அடித்து, இறுகிய பிறகு மிஞ்சியதைக் கத்தியால் சீவிவிடலாம். தகரத்துக்கும் அட்டைக்கும் இடையே ஓர் அங்குலமாவது காற்றிடம் விடுங்கள். தெர்மாகோல் 80 டிகிரிக்கு மேல் சுருங்கும், நம் ஊர் வெயிலில் தகரம் அதற்கு வெகு தூரத்தில் இல்லை. ஒயருக்குக் காடி அறுப்பதானால் ஒயரை வெறுமனே படுக்கவைக்காமல் குழாய்க்குள் விட்டுப் பதியுங்கள். தெர்மாகோல் தொட்டுக்கொண்டே இருந்தால் ஒயரின் மேலுறையில் உள்ள நெகிழ்ச்சிப் பொருளை அது மெல்ல உறிஞ்சிவிடும், உறை மொடமொடத்து வெடிக்கும்.

திருநகர் மாடிவாசி:

அனைவருக்கும் நன்றி. எடை போட்டுப் பார்த்தேன். மூன்று அட்டைகளும் 520, 535, 510 கிராம்தான் இருந்தன. பதினைந்து கிலோ அடர்த்தி என்று சொல்லித்தான் கடையில் பணம் வாங்கினார்கள். பில்லில் அடர்த்தியை எழுதி வாங்காதது என் பிழை. இனி மாற்ற முடியாதென்பதால், நேற்று கீழறையில் கதவடைத்துக்கொண்டு பூப்பெட்டி ஐயா சொன்ன முறையில் பதினோரு அட்டைகளைப் பிளேடால் அறுத்தேன். முதல் இரண்டில் மட்டும் நடுவில் ஒரு படி விழுந்தது. புரட்டியபோது பட்டை நகர்ந்துவிட்டது. பிறகு மகள் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மற்றவை கோட்டிலேயே வந்தன. 3 மி.மீ. கூடுதலாக அறுத்த அட்டைகள் உள்ளங்கையால் தட்டியதும் சட்டத்துக்குள் கிச்சென்று நின்றுவிட்டன. இன்னும் ஒன்றே ஒன்று: மின்விசிறிக் கொக்கி வரும் இடத்தில் 10 செ.மீ. வட்டத் துளை வேண்டும். அதற்காகக் கம்பி வில் செய்யத்தான் வேண்டுமா?

பூப்பெட்டி:

வேண்டாம். அந்த விட்டத்தில் காலியான பால்பவுடர் டின் ஒன்றை எடுத்து, திறந்த வாயின் விளிம்பை அரத்தால் ஒரு பக்கமாகச் சீவிக் கூராக்குங்கள். கையைத் துணி சுற்றிக் காத்துக்கொண்டு, கூரான வாய் கீழே இருக்கும்படி டின்னைச் செங்குத்தாக வைத்து, அழுத்துவதைவிட அதிகமாகத் திருகுங்கள். பாதி இறங்கியதும் நிறுத்தி, மையத்தில் நீளமான கோணூசியைக் குத்தி மறுபக்கம் மையத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மீதியைத் திருகினால் துளையின் இரு வாயும் பிய்யாமல் இருக்கும். வெளியே வரும் உருளையை எறிந்துவிடாதீர்கள். கொக்கிக்குப் போக மிஞ்சும் இடத்தை அதிலிருந்து வெட்டிய துண்டுகளால் அடைக்கலாம்.