டெகாவின் குதிரை ஓடுகிறது, என்னுடையது ஏன் நிற்கிறது?

கேள்வி:
பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகா பந்தயக் குதிரைகளைச் சார்கோலில் (வரைகரியில்) வரைந்த படங்களைப் பார்த்து ஒரு வாரமாகப் பழகுகிறேன். நாலுகால் பாய்ச்சல் என்பதால் முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களைப் பின்னாலும் நன்றாக நீட்டித்தான் போட்டேன், ஆனால் திருவிழாக் கடை மரக்குதிரை மாதிரி விறைத்து நிற்கிறது. அவர் படத்திலோ ஒரே காலுக்கு ரெண்டு மூணு கோடு, தப்பானதை அழிக்கக்கூட இல்லை, ஆனாலும் குதிரை அசைகிறது! எங்கே கோட்டை விடுகிறேன்?

பதில் 1:
நீட்டியதுதான் தப்பு, அப்படி எந்தக் குதிரையும் ஓடாது. பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821இல் வரைந்த எப்சம் டெர்பி (இங்கிலாந்துக் குதிரைப் பந்தயம்) ஓவியத்திலும் இதே கதைதான். 1878இல் கலிபோர்னியாவில் புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் கேமராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையைப் படம் எடுத்த பிறகுதான், நாலு குளம்பும் தரையை விட்டு எழும்பும்போது கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கும் என்று தெரிந்தது. டெகாவே பிற்பாடு மைபிரிட்ஜ் படங்களைப் பார்த்து வரைந்திருக்கிறார்.

பதில் 2:
கால் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? ஜெரிக்கோவின் குதிரைகள் 'தப்பாக' இருந்தும் பறக்கின்றன, சிற்பி ரோடின்கூட இந்த விஷயத்தில் புகைப்படத்தை விட்டுவிட்டு ஜெரிக்கோ பக்கம்தான் நின்றார். டெகாவுக்குப் பாய்ச்சலைவிட, பந்தயம் தொடங்கும் முன் நிலைகொள்ளாமல் தவிக்கும் குதிரைகள்தான் ரொம்பப் பிடிக்கும், அதனால் கழுத்தையும் பின் சப்பையையும் கவனியுங்கள். அப்புறம், அவர் பந்தய மைதானத்தில் நின்று கிறுக்கியவர் இல்லை. ஸ்டூடியோவில் மெழுகில் குதிரை செய்து பார்ப்பார், பழைய படத்தின் மேல் டிரேசிங் பேப்பர் வைத்துத் திரும்பத் திரும்ப வரைவார். அந்த ரெண்டு மூணு கோடு சோம்பேறித்தனம் இல்லை, தேடல்.

செய்முறை வேண்டுமா: முதல் கோட்டை மெல்லிசாகப் போட்டு விரலால் லேசாகத் தேய்த்து மங்கலாக்குங்கள், அழிக்காதீர்கள். அதன் மேலேயே சரியான கோட்டைப் போடுங்கள். எடை விழும் இடத்தில், அதாவது தோளிலும் சப்பையிலும், கரியை அழுத்துங்கள். குளம்பை முடிக்காமல் விடுங்கள். குளம்பைத் துல்லியமாகப் போட்ட நொடியே குதிரை ஆணி அடித்தாற்போல நின்றுவிடும்.

கேள்வி கேட்டவர்:
நேற்று ராத்திரி ரெண்டையும் சேர்த்து முயன்றேன். காலை மடக்கி, பழைய கோட்டைத் தேய்த்து விட்டதில் விரல் நுனியெல்லாம் கரி, சட்டையிலும் கரி. ஆனால் குதிரை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, சத்தியமாக! மேலே இருக்கும் ஜாக்கிதான் இன்னும் அரிசி மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறார், அவரை அடுத்த வாரம் பார்த்துக்கொள்கிறேன்.