எங்கள் குடும்பம் குழு: யாழினியின் தாளம்

கவிதா: 🎤 குரல் பதிவு (1:12)
யாழினி பள்ளி ஆண்டு விழாவில் பாடப்போகிறாள். சுருதி சேருகிறது, தாளம்தான் பிந்துகிறது. லதா சித்தி, கேட்டுச் சொல்லுங்களேன்.

சுந்தர் மாமா: குரல் தேன்! ஆனால் லயம் ரத்தத்தில் வர வேண்டும்மா. நம் வீட்டில் யாருக்கும் அது கிடையாது.

பாட்டி: உனக்குக் கிடையாது என்று சொல். உன் கல்யாணத்தில் நாயனக்காரரையே தாளம் போட்டுக் குழப்பினவன் நீ.

லதா சித்தி: அண்ணா, குழந்தை காதுபட அப்படிச் சொல்லாதீர்கள். கவிதா, எதைக் கேட்டுக்கொண்டு பாடினாள்?

கவிதா: கரோக்கி டிராக், சித்தி. புது ப்ளூடூத் இயர்பட்ஸ்.

கார்த்திக்: அதுதான் கோளாறு அக்கா. ப்ளூடூத்தில் ஒலி காதுக்கு வரவே 100, 200 மில்லிசெகண்டு ஆகும். அவள் கேட்டதோடு சேர்ந்துதான் பாடுகிறாள், பதிவில் பிந்தி விழுகிறது. வயர் வைத்த இயர்போனைக் கொடு.

லதா சித்தி: பாதி சரி. கருவியால் என்றால் பாட்டு முழுக்க ஒரே அளவு தள்ளியிருக்கும். இவள் சரணத்தில் சொற்கள் நெருக்கமாக வரும் இடத்தில் ஓடுகிறாள், பல்லவிக்கு அடுத்த பகுதியான அனுபல்லவி எடுக்கும்போது கூடுதலாகப் பிந்துகிறாள்.

கவிதா: அப்படியென்றால் லயம் இல்லையா? 😟

லதா சித்தி: அதெல்லாம் இல்லை, மூச்சுதான். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம். எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், தாளத்தின் முதல் தட்டான சமத்தில் இல்லை, ஒன்றரை எண்ணிக்கை தள்ளி. பாட வேண்டிய இடம் வந்த பிறகுதான் மூச்சை இழுக்கிறாள். தட்டு விழும்போதே இழுத்துவிட வேண்டும். அப்புறம் 'ஸ்ரீ' மாதிரி தொடங்கும் சொல்லில் 'ஸ்' சத்தம் கொஞ்சம் முன்பே கிளம்ப வேண்டும். 'ஈ' தாளத்தில் விழுந்தால்தான் கேட்பவருக்குச் சரியாக இருக்கும்.

சுந்தர் மாமா: இதெல்லாம் சொல்லிக்கொடுத்து வருமா?

லதா சித்தி: சிலருக்குச் சீக்கிரம் பிடிபடும், மறுக்கவில்லை. ஆனால் ஆரம்பப் பாடமான சரளி வரிசையை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், பாட வைப்பது எதற்கு? கை ஒரே வேகத்தில் போக, குரல் மட்டும் இரட்டித்து, நான்கு மடங்காகி, காலப்பிரமாணம், அதாவது தாளத்தின் வேகம், அசையாமல் நிற்கத்தான். குரல் நன்றாக இருக்கும் பிள்ளைகள்தான் இதில் தப்பித்துவிடுவார்கள், யாரும் நிறுத்தித் திருத்துவதில்லை.

கவிதா: கரோக்கியில் பாடினால் தாளம் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன்.

லதா சித்தி: டிராக் இழுத்துக்கொண்டு போகும், நிறுத்தினால் தெரியும் சங்கதி. ஆதி தாளத்துக்குக் கையில் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு, கையைத் திருப்பி வீச்சு, மறுபடி தட்டு வீச்சு. அவளே போடட்டும். முதலில் ராகம் இல்லாமல் வரிகளைச் சொல்லட்டும். அப்புறம் சுருதிக்குத் தம்பூரா செயலி மட்டும் போதும்.

கார்த்திக்: ஸூமில் கூடவே பாடிக் காட்டலாமே சித்தி?

லதா சித்தி: அங்கேயும் ஒலி பிந்தித்தான் வருகிறது, சேர்ந்து பாடவே முடியாது. சனிக்கிழமை நேரில் அழைத்து வா கவிதா. இயர்பட்ஸ் வேண்டாம்.

கவிதா: சரி சித்தி, காலையிலேயே வருகிறோம். 🙏