ரியல் டைம் கிளாக்: ‘நிகழ்நேரக் கடிகாரம்’ பொருந்துமா?

வணக்கம்.

பழைய வீட்டுக் கணினிகளைப் பழுதுபார்க்க ஒரு கையேடு எழுதிவருகிறேன். ‘ரியல் டைம் கிளாக்’ என்பதற்கு வழங்கும் ‘நிகழ்நேரக் கடிகாரம்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் இடறுகிறது. மாற்றாக ‘துயிலாக் கடிகாரம்’ என்ற பரிந்துரையும் வந்திருக்கிறது. கணினியியலில் நிகழ்நேரம் என்றால் குறித்த கெடுவுக்குள் விடை தருவது. இங்கே நடப்பது வேறு. அமிகா 500 என்ற பழைய வீட்டுக் கணினியில் செருகும் ஏ501 நினைவக அட்டையைப் பாருங்கள். கணினியை அணைத்த பிறகும் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் மின்கலத்தின் தயவில் ஒரு சில்லு தேதியையும் நேரத்தையும் எண்ணிக்கொண்டே இருக்கும். ரியல் டைம் கிளாக் என்பது இதுதான். இயங்குதளம் வைத்திருக்கும் கடிகாரம் தனி. கணினியைப் போட்டதும் அது இந்தச் சில்லிடம் ஒருமுறை நேரம் கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான்.

இரண்டும் பெயரிலேயே பிரியாவிட்டால் பழுது பிடிபடாது. நேரத்தைத் திருத்திச் சேமித்து, அணைத்து, மறுநாள் போட்டுப் பார்க்கிறோம். நேரம் அடியோடு மறந்திருந்தால் முதலில் மின்கலத்தைப் பார்க்க வேண்டும். நினைவிருந்தும் பின்தங்கினால், சில்லுக்குத் துடிப்பு தரும் 32,768 ஹெர்ட்ஸ் படிகத்தின் மேல் சந்தேகம். சேமிக்கவே மறுத்தால் சில்லு, அல்லது அதற்குப் போகும் செப்புத்தடம்.

‘துயிலாக் கடிகாரம்’ என்ற பரிந்துரை காதுக்கு இனிமைதான். ஆனால் கையேட்டில் அந்தச் சொல் தேவைப்படுவதே அது தூங்கிப்போன பிறகு. ‘துயிலாக் கடிகாரம் நின்றுவிட்டது’ என்று எழுதக் கை வரவில்லை. நான் முன்வைப்பது ‘மின்கலக் கடிகாரம்’. அமிகாவின் இயங்குதளமே இதை ‘பேட்கிளாக்’ (பேட்டரி கிளாக்) என்றுதான் அழைக்கிறது. பெயரைப் படித்ததும் கை மின்கலத்தைத் தேடும். சுவர்க் கடிகாரத்திலும் மின்கலம் உண்டே என்றால், சரி, உண்டு. கணினிக் கையேட்டில் அந்தக் குழப்பம் வராது.

அப்புறம், இதோடு ஒட்டிய இன்னொரு சொல். ‘அமிலக் கசிவு’ என்று எழுதிப் பழகிவிட்டோம். இந்த மின்கலங்களிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். மின்கலத்தின் காலடியில் நீலப்பச்சைப் பொருக்கு பூத்திருக்கும். அட்டையின் பூச்சுக்கு அடியில் செப்புத்தடம் கறுத்து அரிக்கப்பட்டிருக்கும். அமிலம் என்று நம்பியவர் சமையல் சோடாவைத் தேய்ப்பார், பயன் இருக்காது. வேண்டியது வினிகர். ‘காரக் கசிவு’ என்று எழுதிவிட்டால், எதைக் கொண்டு துடைப்பது என்பது பள்ளி வேதியியல் நினைவிருக்கும் எவருக்கும் விளங்கிவிடும்.

‘மின்கலக் கடிகாரம்’ பற்றி மறுப்பு இருந்தால் எழுதுங்கள், காத்திருக்கிறேன். ‘அமிலக் கசிவை’ மட்டும் இன்றே திருத்திவிடுகிறேன்.