அசைவு பலவீனமான உணவுக்குழாய்: டூப்பேயா, நிஸ்ஸனா?

லேப்ராஸ்கோப்பி செய்யும் நண்பர்களிடம் ஒரு உதவி. அமிலம் மேலேறுவதைத் தடுக்க, வயிற்றின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடியில் சுற்றித் தைக்கும் அறுவை பற்றியது: டூப்பே என்றால் பகுதிச் சுற்று, நிஸ்ஸன் என்றால் முழுச் சுற்று. ஒரு நோயாளிக்கு எண்டோஸ்கோப்பியில் எல்.ஏ. கிரேடு சி (அமிலத்தால் வரும் தீவிரமான) உணவுக்குழாய்ப் புண், 3 செ.மீ. ஹையாடஸ் ஹெர்னியா (வயிறு உதரவிதானத் துளை வழியே மார்புக்குள் ஏறியிருப்பது). மேனோமெட்ரியில் (உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் சோதனை) படுத்த நிலையில் 10 விழுங்கலில் 8 பலவீனம்; அவற்றில் டி.சி.ஐ. (சுருக்கத்தின் வலுவைக் காட்டும் எண்) 450-க்குக் கீழ். அசைவுக் கோளாறுகளை வகைப்படுத்தும் சிகாகோ 4.0, அசைவு பலவீனம் என்று சொல்லக் கேட்கும் 70 சதவீதத்தைத் தாண்டியாயிற்று. ஆனால் 2 மி.லி. தண்ணீரை 5 முறை அடுத்தடுத்து விழுங்கவைத்தபோது, கடைசியில் வந்த சுருக்கம் தனி விழுங்கலைவிட நன்றாகவே வலுத்தது. தசையில் கையிருப்பு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

என் சாய்வு 270 டிகிரி டூப்பே பக்கம். முழுச் சுற்று போட்டால் பலவீனமான தசை அதைத் தள்ளித் திறக்கத் திணறும். சோறு நெஞ்சிலேயே நிற்கும், ஏப்பம் வராது, வயிறு உப்பிக்கொள்ளும். பலவீனத்தை மட்டும் வைத்து நிஸ்ஸனை ஒதுக்க வேண்டாம் என்போரும் உண்டு.

கையிருப்பு இருந்தால் 2 செ.மீ. தளர்வான நிஸ்ஸன் போடுகிறீர்களா? குரூரா (துளையின் இருபக்க உதரவிதானத் தசை) தைக்கும்போது அளவுக்கு 56 பிரெஞ்ச் பூஜியா (உணவுக்குழாய்க்குள் விடும் தடித்த குழாய்), கண்ணளவா? (பல நேரம் சுற்றைத் திட்டுகிறோம்; இறுக்கியது குரூராவாக இருக்கும்.) 3 மாதம் கழிந்தும் விழுங்கச் சிரமம் என்றால், பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே பார்த்த பிறகு பலூன் விரிவாக்கம் எப்போது?

ஸ்க்லீரோடெர்மா (தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் நோய்) போல அசைவே அற்ற கேஸ்களை இதில் சேர்க்க வேண்டாம், அது வேறு கணக்கு.