டபிள்யூஈ43 மகனீசியக் கலப்புலோகம்: 200 பாகை இழுவைச் சோதனையில் தகைப்பு-விகார (இழுவிசை-நீட்சி) வளைகோடு பல்லுப் பல்லா வருது. துண்டைப் பிடிக்கிற கிரிப் வழுக்குதா?

உப்புவெளி_மெக்:
வணக்கம். யிட்ரியம், நியோடிமியம், சேர்க்கோனியம் சேர்ந்த மகனீசிய வார்ப்பு. 525 பாகையில 8 மணித்தியாலம் வைச்சு சுடுநீரில குளிர்விச்ச டீ4 நிலை (சேர்த்த தனிமங்கள் உலோகத்துக்குள்ள கரைஞ்ச நிலை). அறை வெப்பநிலையில வளைகோடு வழுவழுப்பு. 200 பாகை செல்சியஸில விளைவுப் புள்ளி (நிரந்தரமா நீளத் தொடங்கிற இடம்) தாண்டினதும் அரம் மாதிரி ஏறி இறங்குது. கிரிப்பா, லோட் செல்லா (விசை அளக்கிற கருவி), உலோகமேதானா? எப்பிடிப் பிரிச்சறியிறது?

சீனக்குடா_உலை:
இயந்திரத்தில கை வைக்காதேங்கோ தம்பி, இது பெரும்பாலும் உலோகத்தின்ர குணம். கரைஞ்சு கிடக்கிற யிட்ரியம், நியோடிமியம் அணுக்கள் இந்த வெப்பநிலையில டிஸ்லொகேசனை (உலோகம் நீளேக்க படிகத்துக்குள்ள நகர்ற கோட்டுக் குறையை) எட்டிப் பிடிக்கிற அளவுக்கு அசையும். பிடிச்சா தகைப்பு ஏறும், பிடி அறுந்தா சடாரெண்டு விழும்.
வேகத்தை மாத்திப் பாருங்கோ. அளவை நீளம் 25 மில்லிமீற்றர் எண்டா நிமிசத்துக்கு 0.15 மில்லிமீற்றரில ஒரு துண்டு, 1.5 இல இன்னொண்டு. வழமையா வேகமா இழுத்தா தகைப்பு கூடும். இங்க குறைஞ்சா கிரிப்பைச் சந்தேகப்படத் தேவையில்லை.

கோட்டை_வீதி:
சோதனை சரி, ஆனா ரெண்டு துண்டு வேண்டாம். மெதுவான வேகத்தில 10 சதவீத விகாரத்துக்கு 17 நிமிசம் போகும், மற்றதுக்கு 2 நிமிசம் கூட இல்லை. டீ4 துண்டு 200 பாகையில நிக்கிற நேரமெல்லாம் படிவு (கரைஞ்ச அணுக்கள் பிரிஞ்சு சேர்ற நுண்துகள்) உண்டாகிக்கொண்டே இருக்கும். பிறகு வித்தியாசம் வேகத்தாலயா, காத்திருப்பாலயா எண்டு சொல்லேலாது. ஒரே துண்டில 3 சதவீதம் வரை மெதுவா இழுத்து, நிப்பாட்டாமல் வேகத்தைப் பத்து மடங்காக்குங்கோ. தகைப்பு ஒரு கணம் துள்ளி, பிறகு பழைய மட்டத்துக்குக் கீழ போய் நிண்டா உறுதி.
250 பாகையில 16 மணித்தியாலம் வைச்ச டீ6 துண்டையும் ஒருக்கா இழுங்கோ. கரைஞ்ச அணுக்கள் படிவுக்குள்ள போயிருக்கும், பல்லு மங்கவேணும்.
வெப்ப இணையை (வெப்பநிலை அளக்கிற கம்பி) துண்டின்ர தடிச்ச தோளில இல்லை, அளவை நீளத்தின்ர நடுவில கட்டுங்கோ. வெப்பநிலை நிலைச்சு 15 நிமிசம், எல்லாத் துண்டுக்கும் அதே நேரம்.

உப்புவெளி_மெக்:
நன்றி அண்ணா. 250 பாகையில நிரந்தரமாச் சுமை தாங்கிற உறைக்குத்தான் பாக்கிறம். இந்த எண்களை வைச்சு வடிவமைக்கலாமோ?

கோட்டை_வீதி:
வேண்டாம். டபிள்யூஈ43 க்கு நெடுங்காலப் பாவனையில அந்த 250 பாகையே எல்லை. அங்க பகுதியைக் கெடுக்கிறது நகர்வு (மாறாச் சுமையில மெல்ல மெல்ல நீளுறது), இழுவை வலிமை இல்லை. மகனீசியத்தின்ர சுயபரவலுக்கு (அதன்ர அணுக்கள் தங்களுக்குள்ள இடம் மாறுறது) ஏவற்சக்தி மோலுக்கு 135 கிலோயூல் எண்டு எடுத்தாக்கூட, உலை 5 பாகை கூடினா நகர்வு வீதம் மூண்டில ஒரு பங்குக்கு மேல எகிறும். மாறாச் சுமையில தனியா நகர்வுச் சோதனை செய்யவேணும்.

சீனக்குடா_உலை:
ஒண்டு விட்டிட்டம். துறைமுகக் காத்தில கடைஞ்ச துண்டை மேசையில போட்டு வைச்சா உப்புக் குழி விழும், முறிவு அங்கயிருந்து தொடங்கினா நீட்சி எண் பொய். அசற்றோனால துடைச்சு, சிலிக்கா ஜெல்லோட டப்பாவில மூடி வையுங்கோ. கடையேக்க தண்ணி கலந்த கூலன்ற் வேண்டாம், சீவலில ஐதரசன் கிளம்பும். கிட்ட உலர்ந்த மணல் வாளி இருக்கட்டும். சீவல் பத்தினா தண்ணியோ காபனீரொட்சைட்டோ அடிக்கக்கூடாது.