தருவித்த வண்டிக்குக் கூடுதலாக 14,000 வெள்ளி கேட்கிறார்கள்: கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

ஈசூன்வாசி

அனைவருக்கும் வணக்கம். ஜப்பானிலிருந்து ஏழு பேர் அமரும் ஹைப்ரிட் வண்டி ஒன்றை இன்டென்ட் முறையில், அதாவது கையிருப்பில் இல்லாததை முன்பதிவின்பேரில் வரவழைக்கும் முறையில், தருவித்துத் தருமாறு சிங்கப்பூரின் உபியில் உள்ள தனியார் இறக்குமதி நிறுவனம் ஒன்றுடன் சென்ற ஆண்டின் இறுதியில் ஒப்பந்தம் செய்தோம். என் மாமியார் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டவர். நடுவரிசையின் இடப்பக்க இருக்கை, பொத்தானை அழுத்தியதும் கதவுப் பக்கம் திரும்பி, வெளியே வந்து, சக்கர நாற்காலியின் உயரத்துக்குத் தாழ்ந்து நிற்க வேண்டும் என்பதற்காகவே, கையிருப்பில் இருந்த வண்டிகளை விட்டுவிட்டு இதற்குக் காத்திருந்தோம்.

ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் "அனைத்தும் அடங்கிய விலை, சிஓஇ உத்தரவாதம்" என்று கையால் எழுதி, நிறுவனத்தின் முத்திரையும் இட்டிருக்கிறார்கள். (சிஓஇ என்பது வண்டியைப் பதிவு செய்ய ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ்.) இப்போது வண்டி துறைமுகத்துக்கு வந்துவிட்ட நிலையில் விற்பனையாளர் தொலைபேசியில் அழைத்து, யென் ஏறிவிட்டது, சிஓஇயும் எதிர்பார்த்த விலையில் கிடைக்கவில்லை, ஆகவே 14,000 வெள்ளி கூடுதலாகத் தந்து புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், விருப்பமில்லையென்றால் முன்பணத்தை முழுமையாகத் திருப்பித் தந்துவிடுகிறோம் என்கிறார். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் "உற்பத்தியாளர் விலை, நாணய மாற்று, அரசாங்க வரி ஆகியவை மாறினால் விலை திருத்தப்படலாம்" என்று ஒரு வரி இருப்பதும் உண்மை. முன்பணம் திரும்பக் கிடைப்பதே பெரிது என்பது என் கணவரின் எண்ணம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

லெங் கீ முன்னாள் விற்பனையாளர்

சகோதரி, முதலில் ஒன்று செய்யுங்கள்: புதிய ஒப்பந்தத்தில் எக்காரணம் கொண்டும் கையெழுத்திடாதீர்கள். வங்கிக் கடனுக்கு வேண்டும், பதிவுக்கு வேண்டும் என்று பல காரணம் சொல்வார்கள். புதிய தாளில் நீங்கள் கையெழுத்திட்ட மறுகணமே பழைய விலை செல்லாததாகிவிடும். அவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

அடுத்து, அவர்கள் சொல்லும் இரண்டு காரணங்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். சிஓஇ உத்தரவாதம் என்று எழுதிக் கொடுத்த பிறகு, ஏல விலை ஏறினாலும் இறங்கினாலும் அது விற்பவரின் பொறுப்பு. உத்தரவாதம் இல்லாத திட்டத்தில்தான் குறிப்பிட்ட ஏலங்களுக்குள் கிடைக்காவிட்டால் வாடிக்கையாளரிடம் கூடுதல் பணம் கேட்கும் வழக்கம் உண்டு. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு சிஓஇ 150,001 வெள்ளியைத் தொட்டு, 2024 ஜனவரியில் 85,010 வெள்ளிக்கு இறங்கியது. உச்சத்தில் கையெழுத்திட்டவர்களைக் கூப்பிட்டு, எங்களுக்கு மலிவாகக் கிடைத்துவிட்டது, மிச்சத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று தாமாகச் சொன்ன நிறுவனத்தை நான் இந்தத் தொழிலில் இருந்த காலம் முழுவதும் கண்டதில்லை. கழிவு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால்தான் கொடுப்பார்கள். இறக்கத்தின் லாபம் அவர்களுடையது என்றால் ஏற்றத்தின் நட்டமும் அவர்களுடையதே.

யென் விஷயத்துக்கு அந்தப் பொடி எழுத்து வரி ஓரளவு இடம் தருகிறது. அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் "திருத்தப்படலாம்" என்றால் நினைத்த தொகையைக் கேட்கலாம் என்று பொருளாகாது. வண்டியின் பொதுச் சந்தை மதிப்பை, அதாவது ஓஎம்வியை, நிர்ணயிப்பது சுங்கத்துறை. அந்த மதிப்பு 20,000 வெள்ளிக்கும் 40,000 வெள்ளிக்கும் இடையில் இருக்கும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு 1,000 வெள்ளி கூடினால் தீர்வை 20 விழுக்காடு என 200 வெள்ளி, இரண்டும் சேர்ந்த தொகைக்குப் பொருள் சேவை வரி 9 விழுக்காடு என 108 வெள்ளி, கூடுதல் பதிவுக் கட்டணம் 140 விழுக்காடு என 1,400 வெள்ளி, ஆகமொத்தம் 2,708 வெள்ளி அவர்களுக்குச் செலவு கூடும். அப்படியானால் 14,000 வெள்ளி கேட்பதற்கு ஓஎம்வி 5,000 வெள்ளிக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் உத்தேச ஓஎம்வி எழுதப்பட்டிருந்தால் அதையும், சுங்கத்துறை மதிப்பிட்ட தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும்படி மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் பேசுவதை நிறுத்திவிடுங்கள். உண்மையிலேயே ஏறியிருந்தால் காட்டுவதற்கு அவர்கள் தயங்க மாட்டார்கள்.

புக்கிட் பாத்தோக் வாசகி

மேலே அண்ணன் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். முன்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டால் கணக்கு தீர்ந்தது என்று விற்பவர் சொல்வதைப் பலரும் நம்பிவிடுகிறார்கள். அது சரியல்ல. பொருள் விற்பனைச் சட்டத்தின் 51ஆம் பிரிவின்படி, ஒப்புக்கொண்ட பொருளைத் தர மறுப்பவர், ஒப்பந்த விலைக்கும் அப்போதைய சந்தை விலைக்கும் உள்ள வேறுபாட்டை இழப்பீடாகத் தர நேரிடும். அதே வண்டியை இன்று வேறு இடத்தில் வாங்க எவ்வளவு ஆகும் என்று, அந்தச் சுழலும் இருக்கையையும் சேர்த்து, இரண்டு நிறுவனங்களிடம் எழுத்துமூலம் விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கோரிக்கைக்கு அதுவே அடிப்படை ஆதாரம்.

எங்களுக்கும் இதே நிலை வந்தது. குடும்பத்துக்கு வண்டி உடனே தேவைப்பட்டதால், கேட்ட தொகையைச் செலுத்தும்போதே, இதை ஆட்சேபத்துடன் செலுத்துகிறோம், திருப்பிக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டுச் செலுத்தினோம். பிறகு சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்தோம். அங்கே 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரையிலும் கோரலாம்; இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்; வழக்கறிஞர்களுக்கு அனுமதியில்லை என்பதால் நிறுவனமும் தன் ஆளைத்தான் அனுப்பியாக வேண்டும். விசாரணைக்கு முந்தைய கலந்தாலோசனையிலேயே, அந்த மின்னஞ்சலை அதிகாரி வாசித்த பிறகு, பெரும்பகுதியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒரு மின்னஞ்சல் இல்லாதிருந்தால், விரும்பிக் கொடுத்தார்கள் என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். அதற்கு முன் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் புகார் அளித்து, சமரசத்துக்கு முயல்வதும் நல்லது.

தெம்பனிஸ் ராஜன்

மற்றவர்கள் சொல்லும் உரிமைகள் எல்லாம் உண்மைதான் என்றாலும், உங்கள் கணவர் நினைப்பதிலும் நியாயம் உண்டு என்று நான் கருதுகிறேன். கூடுதல் பணம் கேட்கும் நிறுவனங்களில் சில, பேராசையால் கேட்பதில்லை. கையில் பணமில்லாமல் கேட்கின்றன. நிறுவனமே மூடப்பட்டுவிட்டால் தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும் வசூலிக்க ஒன்றுமிருக்காது. இன்டென்ட் வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டு, பூட்டிய கடையின் முன் நின்றவர்களை இந்த ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. ஆகவே கடுமையாக எழுதுவதற்கு முன், நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான ஏக்ராவில் அந்த நிறுவனத்தின் விவர அறிக்கையை வாங்கிப் பாருங்கள். கேஸ் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். நிலைமை ஆட்டம் காண்பதாகத் தெரிந்தால், முன்பணத்தை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஈசூன்வாசி

பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஏக்ரா அறிக்கையைப் பார்த்தோம். நிறுவனம் பல ஆண்டுகளாக இயங்கி வருகிறது, எச்சரிக்கைப் பட்டியலிலும் பெயர் இல்லை. ஒப்பந்தத்தில் உத்தேச ஓஎம்வி எழுதப்பட்டுள்ளது. ஆவணம் கேட்டு நேற்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டோம். இன்னொரு செய்தியும் இன்று தெரியவந்தது: என் கணவர் பெயரில் பி பிரிவு சிஓஇ சென்ற ஏலத்திலேயே கிடைத்துவிட்டதாம். விற்பனையாளர் இதை எங்களிடம் சொல்லவே இல்லை. இதனால் எங்கள் நிலை மாறுமா?

லெங் கீ முன்னாள் விற்பனையாளர்

நிச்சயமாக மாறும், சகோதரி. உங்கள் கணவர் பெயரில் கிடைத்த பி பிரிவு சிஓஇயை வேறு வாடிக்கையாளருக்கு மாற்ற முடியாது. ஆறு மாதங்களுக்குள் அவர் பெயரில் வண்டியைப் பதிவு செய்யாவிட்டால் அது காலாவதியாகி, ஏலத்துக்குக் கட்டிய 10,000 வெள்ளி வைப்புத்தொகையும் பறிபோகும். வழக்கமாக அந்தத் தொகையைக் கட்டுவது விற்பவர்தான். எனவே, முன்பணத்தை வாங்கிக்கொண்டு போங்கள் என்று சொல்வது அவர்களுக்கும் செலவு மிகுந்த வழி.

சிஓஇ கிடைத்த தேதியையும் அது காலாவதியாகும் தேதியையும் குறிப்பிட்டு, ஒப்பந்த விலையில் வண்டியைப் பதிவு செய்து ஒப்படைக்கக் கோரி, பதிலுக்கு ஒரு வாரக் கெடு வைத்து, இன்றே இன்னொரு மின்னஞ்சல் அனுப்புங்கள். விற்பனையாளருக்கு மட்டும் அனுப்பாமல், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இயக்குநருக்கும் சேர்த்து அனுப்புங்கள். சிஓஇ முடிவைக் காட்டும் பக்கத்தைப் படமெடுத்து இணைக்க மறக்க வேண்டாம். ஓஎம்வி ஆவணம் வந்ததும் இங்கே தொகையை மட்டும் எழுதுங்கள். நியாயமாக எவ்வளவு கூடும் என்று சேர்ந்து கணக்கிடுவோம்.