புதுப்பிப்பு: ஐடிலில் குலுங்கிய கார் சரியாகிவிட்டது

சிக்னலில் நின்றால் என் பெட்ரோல் கார் குலுங்குகிறது, செக் இன்ஜின் விளக்கும் எரிகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இக்னிஷன் காயிலை (பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் தரும் பாகம்) வேறு சிலிண்டருக்கு இடம் மாற்றிப் பார்க்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான் கைகொடுத்தது. ஸ்கேனரில் முதலில் வந்த கோளாறு குறியீடு பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. அந்தக் காயிலை முதல் சிலிண்டரில் மாட்டி ஓட்டியதும் பி0301 ஆகிவிட்டது. காயிலோடு கோளாறும் இடம் மாறியதால், கெட்டது காயில்தான்.

எதிர்பார்க்காதது ஒன்று உண்டு. காயிலை உருவியபோது அதன் ரப்பர் உறை ஆயிலில் ஊறி உப்பியிருந்தது. பிளக் குழிக்குள்ளும் ஆயில் தேங்கியிருந்தது. இன்ஜினின் மேல்மூடியில் ஆயில் கசியாமல் அடைக்கும் டேப்பட் கவர் கேஸ்கெட்டில் கசிவு! அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் புதுக் காயிலும் சீக்கிரம் போயிருக்கும். மாட்டுத்தாவணி பக்கத்து மெக்கானிக் கேஸ்கெட், காயில், நான்கு பிளக் எல்லாம் மாற்றினார். அப்புறம் மேலூர் வரை போய் வந்தேன். கோரிப்பாளையம் நெரிசலில் நின்றபோதும் ஸ்டியரிங் நடுங்கவில்லை, விளக்கும் வரவில்லை.